நண்டனைப் பற்றி நான் சொன்ன பொய்

மன்னார் தீவு,
04.07.2025

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு வருவதை வாசிக்கும்போது உன் நெஞ்சு பதறக் கூடாது. நானும் அப்பாவும் சுகம். நண்டனும் உயிரோடு சுகமாக இருக்கிறான், இதை எழுதும்போது என் காலடியில் கிடந்து பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறான். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்தோனியாரிடம் நாளும் கேட்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோம், பிறகு எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். மூன்று கிழமையாகப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் முகம் தெரிந்ததும் மீன் விலை, கச்சான் காற்று, பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று வேறு கதைக்குப் போய்விடுகிறேன். சுபாஸ்கரன் அண்ணை லீவு முடிந்து திங்கட்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறார். ஒஸ்லோவிலிருந்து உனக்குத் தபாலில் போடுவதாகச் சொன்னார். அவர் கையில் கொடுத்துவிட்டால் நான் மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அந்தோனியார் திருநாளன்று பின்னேரம் நீ அழைத்து நண்டன் எப்படி என்று கேட்டாய். நீ சொன்னபடியே அறைக்குள் விட்டோம், நிம்மதியாகப் படுத்திருந்தான் என்று சொன்னேன். அது பொய். அவனுடைய கால்களைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் உனக்குப் போனைத் திருப்பிக் காட்டினேன். போர்வைக்குள் மூன்று காலில் துணி சுற்றியிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏசுவதென்றால் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஏசு.

அதற்கு முன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் உன் விசா வராமல் ஆறு கிழமை இழுபட்டபோது நீ சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவிக்கொண்டு எழும்பினாய். ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாகக் கோவிலுக்குப் போய், பிள்ளைக்கு விசா கிடைத்தால் மூன்று வருடம் உமது திருநாளுக்குப் பத்தாயிரம் வெடி உள்ள ஒரு கட்டுக் கொளுத்துவேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் விசா வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னாலும் நேர்த்தி குறையாகிவிடும் என்று பயந்தேன். ஆகவே இந்த வருடத் திருநாளில், அந்தோனியார் சொரூபம் ஊர்வலமாக நம் வீட்டு வாசலுக்கு வரும்போது, நம் படலையடியில் வெடித்த அந்தப் பெரிய கட்டு நான் கொளுத்தியதுதான்.

நீ திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன் ஏழு நிமிடம் பேசி அனுப்பியிருந்தாய். உனக்கென்று ஒன்றும் கேட்டுப் பழகாத பிள்ளை நீ. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள், பட்டமளிப்பு அன்றுகூடப் படம் எடுக்க முன்னுக்கு வராமல் தூணுக்குப் பின்னால் நின்றவள். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்காக ஏழு நிமிடம் கதைத்திருக்கிறாளே என்று அப்பா சிரித்தார். நான் இறால் உடைத்துக்கொண்டு கேட்டேன். விடியவே கடற்கரையில் நன்றாக ஓடவிட்டுக் களைக்கப் பண்ண வேண்டும், வெடி தொடங்குவதற்கு முன்பே சாப்பாடு கொடுத்து வெளியே விட்டுக் கூட்டிவர வேண்டும், ஜன்னலுக்குத் தடித்த போர்வை போட வேண்டும், அவனுக்குப் பழகிய ஒரு சத்தத்தை உள்ளே ஓடவிட வேண்டும், கட்டிப் போடக் கூடாது, நடுங்கினால் ஏசக் கூடாது, மடியில் ஏறினால் இறக்கிவிடக் கூடாது, ஒளிந்திருந்தால் இழுக்கக் கூடாது. தப்பித் தவறி வெளியே பாய்ந்தால் துரத்தக் கூடாது, நிலத்தில் பக்கவாட்டாகக் குந்தியிருந்துகொண்டு அவனைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னாய்.

திருநாளுக்கு முந்தின நாள், வேஸ்பர் அன்று பின்னேரம் எல்லாம் சொன்னபடி செய்தோம். உன் அறையில் விட்டு, மின்விசிறியைப் போட்டு, உன்னுடைய பழைய சட்டையை விரித்துவிட்டு நானும் கூட இருந்தேன். வாணம் கோவில் வளவில்தான் விட்டார்கள், ஆனாலும் மேசைக்குக் கீழே போய் எச்சில் வடிய நடுங்கிக்கொண்டே இருந்தான். அப்பா வாசலில் நின்று பார்த்தார். நாளைக்குக் கட்டு படலையடியில் வெடிக்கப் போகுது, இந்தக் கதவும் போர்வையும் என்னத்துக்குக் காணும், அவன் ஜன்னலை உடைச்சுக்கொண்டு பாய்வான் எண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கூலருக்குள்ள விடுவம், அதுக்குள்ள நிண்டால் இடி விழுந்தாலும் கேக்காது எண்டார். உனக்குத் தெரியும், நண்டும் மீனும் ஏற்றும் நம் குளிர் லொறியின் பெட்டிச் சுவர் ஒரு சாண் தடிப்பு. நாங்கள் இருபது வருடம் அந்தப் பெட்டிகளோடு வாழ்கிறவர்கள், எங்களுக்கு அது பெட்டியாகத் தெரியவில்லை, இன்னொரு அறையாகத்தான் தெரிந்தது. நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். பழியை அப்பாவின் தலையில் மட்டும் போட்டுவிடாதே.

திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. எங்கள் ஊர் கடலுக்குப் போகாத நாள் என்றபடியால் இலுப்பைக்கடவையில் நண்டு ஏற்ற வேண்டியிருந்தது. பகல் ஒரு மணிக்கு வந்து வண்டியை எடுத்தால் போதும் என்று அப்பா வஸீரிடம் சொல்லியிருந்தார். உனக்கு வஸீரைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்த டிரைவர், எருக்கலம்பிட்டி முஸ்லிம் பிள்ளை, நல்ல பொறுப்பானவன். பின்வளவில் நின்ற லொறிக்குள் மெத்தையை விரித்து, தண்ணீர் வைத்து, நண்டனை ஏற்றினேன். குளிர் போடவில்லை. கதவு நாலு விரல் திறந்திருக்கும்படி ஒரு தடியைச் செருகினோம். பழகிய சத்தம் என்று நீ சொன்னாயே, அவன் ஒவ்வொரு நாளும் நாங்கள் செபமாலை சொல்லும்போதுதான் குறட்டை விட்டுத் தூங்குகிறவன். அதனால் முதல் நாளே என் போனில் செபமாலையைச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தேன். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் போனையும் மெத்தையில் வைத்தேன். இரண்டு தரம் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பின்னேரம் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன்.

பூசை முடிந்து ஒன்பது மணியளவில் சொரூபம் நம் ஒழுங்கைக்கு வந்தது. அப்பா சொரூபக் கூடு தூக்குகிற ஆறு பேரில் ஒருவர். நான் படலையடியில் நின்று கட்டைக் கொளுத்தினேன். அது எவ்வளவு நேரம் வெடித்தது என்று எனக்குத் தெரியாது, முடிகிறதே இல்லை என்று இருந்தது. புகை கலைந்ததும் நண்டனை ஒருக்கால் பார்ப்போம் என்று பின்பக்கம் ஓடினேன். லொறி இல்லை. மணலில் டயர் அடையாளமும் அந்தத் தடியும் மட்டும் கிடந்தன.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் நண்டை ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று வஸீர் நேரத்தோடு வந்திருக்கிறான். முன் ஒழுங்கையில் சனம் என்றபடியால் பின் ஒழுங்கையால் வந்து, எப்போதும் தொங்கும் ஆணியில் சாவியை எடுத்து, காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டு நிற்கிறது என்று தடியை எடுத்து எறிந்துவிட்டு, கொழுவியைப் போட்டு, போய்ச் சேருவதற்குள் பெட்டி குளிரட்டும் என்று கூலரையும் போட்டுக்கொண்டு போய்விட்டான். நேரத்தோடு எடுக்கிறேன் அக்கா என்று எனக்குத் தகவலும் போட்டிருக்கிறான். அந்தப் போன் நண்டனோடு பெட்டிக்குள் கிடந்தது.

ஜெனி, நான் எந்தக் காலத்தில் ஆண்களுக்கு நடுவில் போய் நின்றேன். அன்று கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, கூடு தூக்குகிற தடிக்குக் கீழே குனிந்து போய் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அடுத்த வீட்டுக்காரரின் கட்டு வெடித்துக்கொண்டிருந்தது, நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. அவர் நான் ஏதோ பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். காதுக்குள் வாயை வைத்து, லொறியை வஸீர் கொண்டு போயிட்டான், நாய் உள்ளுக்க எண்டேன். சொரூபம் நிலத்தில் வைக்கப்படும்வரை தோள் மாற்றக் கூடாது என்று முப்பது வருடமாகப் பிடிவாதம் பிடிக்கிறவர், பின்னால் மாற்றாளாக வந்த மில்ரனின் தோளில் தடியைத் தள்ளிவிட்டு என்னோடு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுச் சிங்கராசா திருநாள் சாப்பாட்டுக்கு வந்து வாசலில் நின்றார். ஓட்டோவை எடுங்கோ எண்டதும், ஏறுங்கோ அக்கா, கதை பிறகு எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டினார்.

அப்பாவின் போனிலிருந்து வஸீருக்கு அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. வண்டி ஓடும்போது போன் எடுத்தால் வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவன் என்று போன மாதம் அவனை ஏசியவர் அப்பாதான். ஐந்து தரம், ஆறு தரம் அடித்தோம். சிங்கராசா, நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறியள் அண்ணை எண்டார், ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டி எவ்வளவு நேரத்தில் குளிரும் என்று நான் கேட்டேன். அப்பா அரை மணித்தியாலம் என்றார், பிறகு மெதுவாக, குளிரில்லையப்பா, காத்துத்தான் காணாது எண்டார். என் விரலில் வெடிமருந்து மணந்துகொண்டிருந்தது, முந்தானையில் துடைத்தேன், போகவில்லை. உனக்காகத்தானே கொளுத்தினேன், உன் பிள்ளையையே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வழி முழுக்க வந்தேன். அந்தோனியாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை, அவருக்குத்தானே அந்த வெடி.

அன்று பாலத்தடியில் பொலிஸ் மறித்து வாகனங்களைச் சோதித்தது நம் அதிர்ஷ்டம். வரிசையில் நாலாவதாக நம் லொறி நின்றது. ஓட்டோ நிற்கும் முன்பே குதித்து ஓடிப் போய்க் கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பொலிஸ்காரருக்கு என்னைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது, பெட்டிக்குள் ஏதோ கடத்துகிறோம் என்று நினைத்திருப்பார், தள்ளி நில் என்று சைகை காட்டி, பெரிய அதிகாரி வரட்டும், அதுவரை ஒருவரும் தொடக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். வஸீர் இறங்கி வந்து, என்னக்கா, என்ன நடந்தது எண்டு முழித்தான். சொன்னதும் அவன் முகம் வெளிறிப் போனது. சிங்கராசாதான் கையெடுத்துக் கும்பிட்டுத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். நாய் என்றதும் பொலிஸ்காரர் நம்பவில்லை. பெரியவர் நடந்து வருகிற அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று உனக்கு எப்படி எழுதுவேன்.

கதவைத் திறந்தார்கள். குளிர்ப் புகை வந்தது, அதோடு இருட்டுக்குள்ளிருந்து என் குரல் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தது. முன்னுக்கு நின்ற பொலிஸ்காரர் இரண்டடி பின்னுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டார். நண்டன் கடைசி மூலையில் நின்றான். படுக்கவில்லை, நின்றான். வெள்ளைச் சுவர் முழுக்க அவன் சுரண்டிய இடமெல்லாம் சிவப்புக் கோடு. அப்பா உள்ளே ஏறப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பக்கமும் கடல், பின்னால் பத்துப் பதினைந்து வாகனம், ஒருவன் ஹோர்ன் அடித்தால் போதும், பாய்ந்துவிடுவான். நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாரில் பக்கவாட்டாக இருந்துவிட்டேன், அந்த வெயிலில் தார் சுட்டது. எல்லாரும் நிலத்தில இருங்கோ, ஒருத்தரும் அவனைப் பாக்காதேங்கோ எண்டேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அப்பா இருந்தார், சிங்கராசா இருந்தார், வஸீர் என் பக்கத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தான். பொலிஸ்காரர் நிலத்தில் இருக்கவில்லை, ஆனால் பின்னால் போய் ஒருவரையும் ஹோர்ன் அடிக்க விடாமல் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் தகரத்தில் படுகிற சத்தம் ஒன்று, பிறகு ஒன்று. அவன் கீழே பாய்ந்ததும் ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனான். என்னில் வெடி மணத்திருக்க வேண்டும். நேரே போய் வஸீரின் மடியில் ஏறி, அவன் கையிடுக்கில் தலையைப் புகுத்திக்கொண்டான். வஸீர் கல்லாகி இருந்தான். அக்கா, அசையலாமோ எண்டு உதடு அசையாமல் கேட்டான். அசையாதே தம்பி எண்டேன். அவர்களுக்கு நாயின் எச்சில் படக் கூடாது, பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவ வேண்டும், இருபது வருடம் அவர்களோடு தொழில் செய்கிறோம், எனக்குத் தெரியும். வஸீரின் கழுத்தெல்லாம் எச்சில், சட்டையெல்லாம் இரத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு கையைத் தூக்கி நண்டனின் முதுகில் வைத்தான். மிருக வைத்தியரிடம் போகும்வரை ஓட்டோவில் மடியிலேயே வைத்திருந்தான், லொறியை அப்பா ஓட்டி வந்தார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துக் கழுவி, தொழுகைக்குக் கடைசி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தானாம். அடுத்த நாள் வந்து, அக்கா, என்னை ஏழு தரம் கழுவிப்போட்டன், லொறியைக் கழுவுறது உங்கட பாடு எண்டான். கழுவினேன்.

நாலு நகம் அடியோடு போய்விட்டது. வைத்தியர் மருந்து போட்டுக் கட்டினார், வளரும் என்றார். கால் ஆறிவிட்டது. ஆனால் அடுப்புப் பற்றவைக்க நெருப்புக்குச்சி உரசினால் இன்னும் எழும்பி உன் கட்டிலுக்குக் கீழே போகிறான். நான் இழுப்பதில்லை. நானும் கீழே பாயைப் போட்டுப் பக்கத்தில் இருக்கிறேன். முதல் கிழமை என்னிடம் வரவே இல்லை. போன ஞாயிறுதான் வந்து காலில் மூக்கை வைத்தான்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அன்று இறால் உடைத்துக்கொண்டு கேட்டபோது அப்பா கூப்பிட்டார், நாலு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், மிச்சத்தைக் கேட்கவில்லை. திருநாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வசனமே, தானாக வெளியே வர முடியாத எந்த இடத்திலும் பூட்டாதேங்கோ அம்மா என்பது. அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகும் நீ கதைத்திருந்தாய். இதெல்லாம் புத்தகத்தில படிச்சதில்லை அம்மா எண்டாய். போன டிசெம்பர் முப்பத்தோராம் திகதி இங்க ஊர் முழுக்க வாணம் விட்டவை, நான் குளியலறைக் கதவைச் சாத்திப்போட்டு, தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, போர்வையைச் சுத்திக்கொண்டு விடியும்வரை நிலத்தில இருந்தனான், கூட இருக்கிற பிள்ளைகளுக்குத் தலையிடி எண்டு பொய் சொன்னனான், அப்ப எது உதவினதோ அதைத்தான் நண்டனுக்குச் சொல்லுறன் எண்டாய். கடைசியில், சரி அம்மா வைக்கிறன் எண்டு சும்மா முடித்துவிட்டாய்.

நாலு தரம் கேட்டேன். போன வருடத் திருநாளில் நீ பூசைக்கு வராமல் கட்டிலுக்குக் கீழே நண்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாய். ஒரு நாய்க்காகத் திருநாள் பூசையை விடுகிறாய், ஊர் என்ன சொல்லும் என்று நான் ஏசினேன். நீ எழும்பி முகம் கழுவினாய். அவனுக்காகக் கிடக்கிறாய் என்றுதான் நினைத்தேன். இரண்டாயிரத்தொன்பதில், அந்தச் செல்லடி நாட்களில், உனக்கு எட்டு வயது. சின்னப்பிள்ளை, மறந்துவிடும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம், உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டு, உன் பெயரிலேயே மூன்று வருடத்துக்கு வெடியும் நேர்ந்து வைத்தேன்.

மற்ற இரண்டு வருடத்தையும் நினைத்து இந்தக் கிழமை பங்குச் சுவாமியிடம் போனேன். நேர்த்தியை மாற்றலாமோ என்று பயந்து பயந்துதான் கேட்டேன். ஆவணியில் உன் விசாவைப் புதுப்பிக்க வேண்டும், இப்போது போய் நேர்த்தியைக் குறைத்து உனக்கு ஏதும் வந்துவிட்டால் என்ற பயம், இன்றைக்கும் அது இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவாமி முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தோனியாருக்குக் காது நல்லாக் கேக்கும் மாக்கிறட், அவ்வளவு சத்தம் தேவையில்லை எண்டார். அதைவிடக் கடினமானதாக மாற்றலாம் என்றார். ஆகவே இரண்டு வருடமும் ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோவிலுக்கு நடந்து போவதாக மாற்றிவிட்டேன். முழங்காலைப் பற்றி எழுதி என்னைத் தடுக்காதே, அப்பாவும் வருகிறார், களைத்தால் இருந்து இருந்து போவோம்.

விசா அலுவலை நாள் பிந்தாமல் செய். சுபாஸ்கரன் அண்ணையிடம் கொடுத்துவிடும் பார்சலில் இறால் கருவாடும் பனங்கட்டியும் இருக்கிறது, கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திற, பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பாடு செய்யப் போகிறார்கள். அந்தோனியாரும் மடு மாதாவும் உன் போக்கிலும் வரவிலும் துணை நிற்க வேண்டும், உன் படிப்பும் உடம்பும் நெஞ்சும் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்ததாக நினைத்துச் சிலுவை அடையாளம் போடுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே குறித்து வை. டிசெம்பர் முப்பத்தோராம் திகதி உங்களுக்கு இரவு பன்னிரண்டு மணி ஆகும்போது எங்களுக்கு விடிய நாலரை. நான் நாலு மணிக்கே எழும்பி உனக்கு அடிப்பேன். எடு மகள். கதைக்க வேண்டாம், ஒரு விளக்கமும் சொல்ல வேண்டாம். அங்கே முடியும்வரை நானும் இங்கே நிலத்தில் இருப்பேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
பிலிப்பு மாக்கிறட்